12 கிராம் டோன்ஆர்மில் டெனான் 103 பாடுமா?

கேள்வி: என்னிடம் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் இருக்கிறது. ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜில் (ஊசி பொருந்திய ஒலி எடுக்கும் தலை) கேட்டு வருகிறேன். அடுத்து டெனான் டிஎல்-103 வாங்க ஆசை. "அதற்குக் கனமான ஆர்ம் வேண்டும், இதில் போட்டால் பேஸ் கெட்டுவிடும்" என்கிறார்கள். டோன்ஆர்மையே மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஆர்மின் நுனியில் கார்ட்ரிட்ஜைத் தாங்கும் ஹெட்ஷெல்லை மாற்றினால் போதும். ஆர்முக்கென்று ஒதுக்கிய பணத்தை, கார்ட்ரிட்ஜின் சிறு சிக்னலைப் பெருக்கித் தரும் ஃபோனோ பிரீஆம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கார்ட்ரிட்ஜில் உண்மையான செலவு அங்கேதான்.

ஊசியைத் தாங்கும் கேன்டிலீவர் ஒரு சிறு ரப்பர் வளையத்தில் உட்கார்ந்திருக்கிறது. அந்த ரப்பர்தான் ஸ்பிரிங். கார்ட்ரிட்ஜும் ஆர்மும் அதன் மேல் ஏற்றிய பாரம். ஸ்பிரிங்கும் பாரமும் சேர்ந்தால் தானாக ஆடும் ஓர் அதிர்வெண் இருக்கும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழுவது நல்லது. அதற்குக் கீழே இறங்கினால், வளைந்த இசைத்தட்டின் மேடுபள்ளங்கள் ஆர்மைத் தூக்கித் தூக்கிப் போடும். பாடலில் ஒன்றும் கேட்காது, ஆனால் ஸ்பீக்கரின் ஊஃபர் கோன் முன்னும் பின்னும் தள்ளாடுவது கண்ணுக்கே தெரியும். மேலே ஏறி 20 ஹெர்ட்ஸை நெருங்கினால், ஆழமான பேஸ் வரும்போதெல்லாம் ஆர்மும் சேர்ந்து ஆடி ஒலியைக் குழப்பும்.

கணக்கு எளிது. ஆர்மின் எஃபெக்டிவ் மாஸ் (ஹெட்ஷெல் உட்பட, ஊசிக்குத் தெரியும் ஆர்மின் நிறை), கார்ட்ரிட்ஜ் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதைக் கம்ப்ளையன்ஸ் எண்ணால் (அந்த ரப்பர் எவ்வளவு இளகிக்கொடுக்கிறது என்பதன் அளவு) பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். இப்போதைய ஜோடியையே பார்ப்போம். ஆர்ம் 12, 2எம் ரெட் 7.2, திருகு சுமார் 1, மொத்தம் 20.2 கிராம். கம்ப்ளையன்ஸ் 20. விடை 7.9 ஹெர்ட்ஸ். வரம்பின் அடிமட்டம்தான், ஆனாலும் ஒழுங்காகவே ஓடும்.

இனி டிஎல்-103. எடை 8.5 கிராம், டெனான் தரும் கம்ப்ளையன்ஸ் 5. போட்டுப் பார்த்தால் 15 ஹெர்ட்ஸுக்கு மேல் வருகிறது. உங்களைப் பயமுறுத்தியவர்கள் இந்தக் கணக்கைத்தான் போட்டிருப்பார்கள். அந்த 5 என்பது 100 ஹெர்ட்ஸில் அளந்த எண். ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் பலர் அப்படித்தான் தருகிறார்கள். ஐரோப்பிய எண்களோ பெரும்பாலும் 10 ஹெர்ட்ஸை ஒட்டியவை. வேகமாக ஆட்டும்போது ரப்பர் விறைப்பாக நிற்கும், மெதுவாக ஆட்டினால் இளகிக்கொடுக்கும். அதனால் 100 ஹெர்ட்ஸ் எண்ணை 1.5 முதல் 2 வரை பெருக்கிக்கொள்வது வழக்கம். இது தோராயம்தான். 1.7 என்று வைத்தால் கம்ப்ளையன்ஸ் 8.5 ஆகிறது, மொத்த நிறை 21.5 கிராமுக்கு 11.8 ஹெர்ட்ஸ். ஒன்றுமே மாற்றாமல் வரம்புக்குள் வந்துவிட்டது, விளிம்பில்தான் என்றாலும்.

விளிம்பிலிருந்து உள்ளே இழுக்கத்தான் ஹெட்ஷெல். டெக்னிக்ஸுடன் வருவது 7.5 கிராம். 10 அல்லது 10.5 கிராமில் கெட்டியான ஒன்றைப் போட்டால் 11 ஹெர்ட்ஸுக்கு வரும். 15 கிராம் ஹெட்ஷெல் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். பின்பக்கம் இடம் கொடுக்காது: இந்த ஆர்ம் துணை எடையோடு சமன்செய்யக்கூடியது ஹெட்ஷெல் உட்பட 20.5 கிராம் வரைதான். 10.5, 8.5, திருகு 1 என்று 20-இல் நிற்கிறோம். துணை எடையை, ஆர்மின் பின்முனையில் சமன்செய்யும் கவுன்டர்வெயிட் பக்கம் கட்டாயம் மாட்ட வேண்டும்.

கவுன்டர்வெயிட்டைக் கூட்டினாலும் ஆர்ம் கனமாகத்தானே ஆகும் என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. ஆர்ம் திரும்பும் அச்சிலிருந்து இருக்கும் தூரத்தின் வர்க்கப்படி நிறை எண்ணப்படுகிறது. அச்சுக்கு 4 செ.மீ. பின்னால் உட்காரும் 100 கிராம், 23 செ.மீ. தள்ளி இருக்கும் ஊசிக்கு வெறும் 3 கிராமாகத்தான் தெரியும். ஹெட்ஷெல்லில் கூட்டுவதோ அநேகமாக முழுசாகக் கணக்கில் ஏறும்.

மாட்டும்போது ஊசி உறையைக் கழற்றாதீர்கள். உள்ளே வலுவான காந்தம் இருக்கிறது. இரும்பு ஸ்குரூடிரைவரை அருகே கொண்டுபோனால் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஊசியின் மேல் போய் விழும். பித்தளை அல்லது அலுமினியத் திருகும் நட்டும் வாங்குங்கள். 2எம் போல உள்ளே மரை கிடையாது, நட்டு அவசியம். 2எம்-இல் ஊசி மழுங்கினால் உருவி வேறு செருகலாம். இதில் ஊசி உடைந்தால் கார்ட்ரிட்ஜே போச்சு. வயர்: வெள்ளை இடது பிளஸ், நீலம் இடது மைனஸ், சிவப்பு வலது பிளஸ், பச்சை வலது மைனஸ். பின்னில் நேரடியாகச் சால்டர் வைக்கவே கூடாது.

ஹெட்ஷெல்லின் ரப்பர் வாஷர் முகத்திலிருந்து ஊசி முனை வரை 52 மி.மீ. இருக்கும்படி கார்ட்ரிட்ஜை நகர்த்தி இறுக்குங்கள். பிறகு தட்டின் மேல் இறக்கி, ஆர்ம் குழாய் தட்டுக்கு இணையாக வரும்வரை உயர வளையத்தைத் திருப்புங்கள். ஊசி அழுத்தம் 2.5 கிராம். கவுன்டர்வெயிட் அளவுகோல் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆகவே டிஜிட்டல் தராசில் பாருங்கள். 0.3 கிராம் கூடக்குறைய இருக்கலாம். பயந்துகொண்டு 2 கிராமில் வைப்பவர்கள்தான் சத்தமான இடங்களில் பிசிறடிக்கிறது என்று புலம்புவார்கள்.

பணத்துக்கு வருவோம். 2எம் ரெட் 5.5 மில்லிவோல்ட் தரும், டிஎல்-103 தருவது 0.3. கிட்டத்தட்ட 25 டெசிபல் குறைவு. 2எம் ரெட் போன்ற எம்எம் (நகரும் காந்த) வகைக்கான சாதாரண உள்ளீட்டின் 40 டெசிபலில் ஒலியைக் கூட்டினால் இரைச்சல்தான் முதலில் வரும். டிஎல்-103 எம்சி (நகரும் சுருள்) வகை, அதற்கு 60 டெசிபலுக்கு மேல் தரும் எம்சி உள்ளீடு வேண்டும். லோடு (உள்ளீடு கார்ட்ரிட்ஜுக்குக் காட்டும் மின்தடை) 100 ஓமுக்குக் குறையாமல் வையுங்கள். இருக்கும் எம்எம் பிரீஆம்ப் நல்லதென்றால் 1:10 ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் போதும். சிக்னல் 3 மில்லிவோல்ட் ஆகும், 47 கிலோஓம் உள்ளீடு கார்ட்ரிட்ஜுக்கு 470 ஓமாகத் தெரியும். டிரான்ஸ்ஃபார்மரை மோட்டார், ஆம்ப் பக்கத்தில் வைத்தால் ஹம் (மின் ரீங்காரம்) பிடிக்கும். தள்ளி வைத்துத் திருப்பிப் பாருங்கள்.

எல்லாம் முடிந்ததும், தானாக ஆடும் அந்த அதிர்வெண்ணைச் சோதிக்கும் ரெசனன்ஸ் பாதை உள்ள டெஸ்ட் ரெக்கார்டு ஒன்றைப் போட்டு, கேன்டிலீவரை அருகிலிருந்து கவனியுங்கள். எந்த எண் அறிவிக்கப்படும்போது கார்ட்ரிட்ஜ் நடுங்குகிறதோ அதுதான் உங்கள் உண்மையான அதிர்வெண். 10, 11 வந்தால் தொடவேண்டாம். 13 வந்தால், ஹெட்ஷெல்லுக்கும் கார்ட்ரிட்ஜுக்கும் நடுவே 2 கிராம் தகடு ஒன்றைச் சொருகுங்கள். அது 20.5 கிராம் எல்லையைத் தாண்டிவிடும். அப்போது கூடுதல் கவுன்டர்வெயிட்டும் வேண்டும். ஆர்ம் உயரம், 52 மி.மீ., அழுத்தம் மூன்றையும் மறுபடி முதலிலிருந்து பாருங்கள்.