பேசிப் பேசியே அறத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

கே: கடவுளும் மரபும் வேண்டாம், எல்லோரும் உட்கார்ந்து பேசினாலே எது சரி என்று தெரிந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

ப: ஜெர்மானியத் தத்துவவாதிகள் கார்ல்-ஓட்டோ ஆப்பெலும் யூர்கன் ஹேபர்மாஸும் முன்வைத்த வாதம் இது. ஒரு நெறியை எல்லோரும் கடைப்பிடித்தால் வரும் விளைவுகளை, அவை தொடுகிற ஒவ்வொருவரும் வற்புறுத்தலின்றி ஏற்க முடிந்தால்தான் அந்த நெறி செல்லும் என்றார் ஹேபர்மாஸ். பேச்சுக்கும் விதி உண்டு: பேசத் தெரிந்த யாரையும் விலக்கக் கூடாது, யாரும் எதையும் கேள்வி கேட்கலாம், மிரட்டல் ஆகாது.

இந்தச் சோதனை கெட்ட நெறிகளைக் கழித்துக்கட்டக் கெட்டிக்காரத்தனமானது. மகளுக்குச் சொத்தில்லை என்ற வழக்கம், மகளையும் உட்காரவைத்துக் கேட்டால் தேறாது. அறத்துக்கே அடித்தளமாக நிற்குமா என்றால், அங்கேதான் இடறுகிறது. ‘எல்லோருக்கும் சம இடம்’ என்ற விதியே ஓர் அற முடிவு அல்லவா? அந்த விதியை மறுத்து வாதாடுபவர் வாதத்துக்குள் அதையே பயன்படுத்துகிறார் என்பது ஆப்பெலின் பதில். சாமர்த்தியம்தான். ஆனால் வாதாடவே வராமல் தடியைத் தூக்குகிறவரை அது தொடுவதில்லை.

கே: நிஜத்தில் செய்து பார்த்திருக்கிறார்களா?

ப: அயர்லாந்தில், கிட்டத்தட்ட. 2016-இல் 99 குடிமக்களும் தலைவராக ஒரு நீதிபதியும் கொண்ட பேரவை கூடியது. கருக்கலைப்பைப் பற்றிப் பேச 5 வார இறுதிகள். மருத்துவர்கள், சட்டம் அறிந்தவர்கள், இரு தரப்பு அமைப்புகள் எல்லோரும் பேசினார்கள். ஒருவரே பேச்சைப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க மேசைதோறும் நெறியாளர். பேரவையின் வாக்கெடுப்பில், கருக்கலைப்பைக் காரணம் கேட்காமலே அனுமதிக்கலாம் என்றவர்கள் 64 சதவீதம். 2018 மே 25 பொது வாக்கெடுப்பில் அரசியல் சட்டத் தடையை நீக்க 66.4 சதவீதம் ஆதரவு.

சட்டம் இயற்ற இது தாராளம். ஆனால் ஹேபர்மாஸின் அளவுகோல் கேட்பது எல்லோரின் சம்மதத்தை; இங்கே நேரம் முடிந்தது, வாக்கு எண்ணினார்கள். அதைவிடக் கடினமான முடிச்சு: கருவும் பாதிக்கப்படும் தரப்பா என்பதே சண்டை. யாரைக் கணக்கில் சேர்ப்பது என்பதைப் பேச்சு தொடங்குமுன்பே முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது. விலங்குகள், இனிப் பிறக்கப்போகும் தலைமுறை விஷயத்திலும் இதே கதைதான். அவர்கள் சார்பில் பேச ஆள் வைக்கலாம். அவர் சொல்வதற்கு ‘இல்லை’ என்று திருத்த அவர்களால் முடியாது.

இன்னொன்று, வாதத்துக்கு மட்டுமே மதிப்பென்றால் படித்தவர், நிதானமாகப் பேசுபவர் கை ஓங்கும். அமெரிக்கச் சிந்தனையாளர் ஐரிஸ் மரியன் யங், சொந்தக் கதை சொல்வதற்கும் இடம் வேண்டும் என்றது இதனால்தான். அயர்லாந்துப் பேரவையில் பெண்களின் அனுபவங்களை ஒலிப்பதிவாகக் கேட்க வைத்தார்கள்.