யன்னலோரக் கன்றுகள் ஏன் சாய்கின்றன?

கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அண்ணா, போன மாதம் நடுப்பகுதியில் தயிர்க் கோப்பைகளில் தோட்டத்து மண் போட்டு (கோடையில் ஒரு வாளியில் எடுத்து வைத்தது) மிளகாய், கத்தரி, தக்காளி மூன்றையும் ஊன்றி, முன்னறை யன்னலில் வைத்தேன். தக்காளி பத்து நாளில் வந்தது. ஆனால் நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிட்டது. கத்தரி நாலைந்து முளைத்தது, இப்போது ஒவ்வொன்றாக அடியில் கறுத்து விழுகிறது. மிளகாய் வரவேயில்லை. எல்லாம் ஊரிலிருந்து அம்மா கொண்டுவந்த விதை. விதை பழுதா? பேசாமல் மே மாதம் கடையில் கன்று வாங்கி நடட்டா?"

விதையில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. மூன்று பயிரும் மூன்று விதமாகக் கெட்டிருக்கின்றன, காரணமும் மூன்று. ஆனால் மூன்றுக்கும் அடியில் ஒரே விஷயம்தான் இருக்கிறது. முளைக்கும் வரை விதைக்கு வேண்டியது சூடு, வெளிச்சம் தேவையில்லை. முளைத்த பிறகு கன்றுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. குளிர்கால யன்னலோரம் இரண்டையும் தலைகீழாகக் கொடுக்கிறது. விதைக்குக் குளிர்ந்த மண். முளைத்தபின் வெளிச்சம் போதாத, ஹீட்டர் காற்று அடிக்கும் அறை.

முதலில் மிளகாயைப் பார்ப்போம். வீட்டின் வெப்பநிலையை 21 பாகையில் வைத்திருப்பீர்கள். அது சுவரில் இருக்கும் தேர்மோஸ்டாட் காட்டும் கணக்கு. யன்னல் கண்ணாடிக்குப் பக்கத்தில் இரவில் அதைவிட நாலைந்து பாகை குறையும். ஈர மண்ணில் நீர் ஆவியாகும்போது இன்னும் கொஞ்சம் குறையும். ஆகவே கோப்பைக்குள் மண் 15, 16 பாகையில் இருந்திருந்தால் ஆச்சரியமில்லை. மண் 25 பாகையில் இருந்தால் மிளகாய் எட்டு, ஒன்பது நாளில் முளைக்கும். 20 பாகையில் பன்னிரண்டு, பதின்மூன்று நாள். 15 பாகை என்றால் மூன்றரைக் கிழமைக்கு மேல். அதுவும் முளைத்தால்தான், ஏனென்றால் குளிர்ந்த ஈர மண்ணில் அத்தனை நாள் கிடக்கும் விதையில் ஒரு பகுதி அழுகிப்போகும். தக்காளி 15 பாகையிலும் இரண்டு கிழமையில் தலைகாட்டிவிடும். உங்கள் வீட்டில் தக்காளி வந்து மிளகாய் வராததற்குக் காரணம் இதுதான்.

விதை உயிரோடிருக்கிறதா என்று அறிய வேண்டுமென்றால் சுலபமான வழி இருக்கிறது. சமையலறைக் கடதாசியை நனைத்துப் பிழிந்து, அதில் பத்து விதையைப் பரப்பி மடித்து, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போடுங்கள். இன்டர்நெட் ரவுட்டரின் மேலே, மெல்லிய சூடு இருக்கும் இடத்தில் வையுங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் ஏழு, எட்டு முளைவிட்டால் விதை நல்லது. முளைவிட்டதை வீசவேண்டாம், அதையே ஊன்றலாம். மிளகாய் விதை பொதுவாக இரண்டு, மூன்று வருடம் தாங்கும். கத்தரியும் தக்காளியும் நாலு வருடம் வரை.

சூட்டுக்கு நல்ல வழி, விதைத்தட்டுக்கு அடியில் விரிக்கும் ஹீட் மேட் என்ற மின்சூட்டுப் பாய். தோட்டக் கடைகளில் இந்த மாதங்களில் அடுக்கி வைத்திருப்பார்கள். அறையின் சூட்டைவிட ஐந்து முதல் பத்துப் பாகை வரை மண்ணைச் சூடாக்கும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் மண் 27, 28 பாகையில் இருக்கட்டும். ஒரு சாதாரண சமையல் தேர்மோமீட்டரை மண்ணில் குத்திப் பாருங்கள், பாயின் பெட்டியில் எழுதியிருப்பதை நம்பவேண்டாம். தட்டுக்கு மேலே கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் மூடி போட்டால் ஈரம் நிற்கும். இந்தக் கட்டத்தில் தட்டு இருட்டான பேஸ்மெண்டில் இருந்தாலும் ஒன்றுமில்லை. சிலர் தட்டை ஹீட்டர் காற்று வரும் துவாரத்தின் மேலே வைக்கிறார்கள். அது மண்ணைச் சூடாக்குவதைவிடக் காயவைப்பதே அதிகம். முளை தொடங்கிய நேரத்தில் ஒரு தரம் காய்ந்தாலும் விதை செத்துவிடும்.

இனித் தக்காளி. மண்ணைப் பிளந்துகொண்டு கன்று கொக்கி போல வளைந்து வெளியே வரும். அந்த வளைவு நிமிர்ந்து இரண்டு விதையிலைகளும் விரியும் நாள்தான் முக்கியமான நாள். அன்றே மூடியை எடுங்கள், ஹீட் மேட்டிலிருந்து இறக்குங்கள், விளக்கின் கீழே கொண்டுபோங்கள். தட்டில் பாதி முளைத்தாலே போதும், மிச்சத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். இரண்டு நாள் தாமதித்தாலும் தண்டு நீண்டுவிடும். நீண்டது திரும்பக் குறுகாது.

தெற்குப் பார்த்த யன்னல்தானே, வெளிச்சம் போதும் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ரொறன்ரோவில் மார்ச் நடுப்பகுதி தாண்டினால்தான் பகல் பன்னிரண்டு மணி நேரத்தைத் தொடுகிறது. அதற்கு முன் சூரியன் தாழ்ந்து போகிறது, கிழமையில் பாதி நாள் மேகம். யன்னலிலிருந்து ஓர் அடி உள்ளே தள்ளினாலும் வெளிச்சம் பெருமளவு குறையும். நம் கண்ணுக்கு அது தெரியாது, கன்றுக்குத் தெரியும். போதாத வெளிச்சத்தோடு அறைச்சூடும் சேர்ந்தால் கன்று வேகமாக நீளும், ஆனால் தண்டு தடிக்காது.

அதற்கு 'வளர்ப்பு விளக்கு' என்று ஊதா நிறத்தில் விற்பதெல்லாம் வேண்டாம். கராஜுகளில் தொங்கவிடும் நாலடி எல்ஈடி வெள்ளை விளக்கு, பெட்டியில் வெளிச்சத்தின் நிறம் 5000 கெல்வின் அல்லது அதற்குச் சற்று மேல் என்று போட்டிருப்பது, போதும். சங்கிலியில் தொங்கவிட்டால் கன்று வளர வளர உயர்த்தலாம். கன்றின் நுனிக்கு மேலே 10 முதல் 15 சென்ரிமீற்றர் வரை இருக்கட்டும். புறங்கையை இலை மட்டத்தில் பிடித்துப் பாருங்கள், சுட்டால் கொஞ்சம் உயர்த்துங்கள். ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம். டைமர் ஒன்று போட்டுவிட்டால் ஞாபகம் வைக்கத் தேவையில்லை. இரவில் அணைந்தே இருக்கவேண்டும். பகலில் 20 பாகை, இரவில் 17, 18 பாகை இருக்கும் பேஸ்மெண்ட் இதற்கு அருமையான இடம். வரவேற்பறையைவிட நல்லது என்றே சொல்வேன்.

சாய்ந்த தக்காளியின் தண்டு இன்னும் பச்சையாக இருந்தால் காப்பாற்றலாம். விதையிலைகளுக்குக் கீழேவரை தண்டைப் புதைத்து ஆழமான கோப்பையில் மாற்றி நடுங்கள். புதைந்த தண்டிலிருந்து வேர் விடும். கத்தரியும் மிளகாயும் அப்படி எளிதில் விடாது, அவற்றை முன்பிருந்த ஆழத்திலேயே நடவேண்டும். எதை மாற்றினாலும் இலையைப் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்க வேண்டாம். ஓர் இலை போனால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் கன்றே போய்விடும்.

கத்தரி விஷயம் வேறு. விழுந்த கன்றைக் கிட்ட வைத்துப் பாருங்கள். மேலே இலை இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். மண் மட்டத்தில் மட்டும், அரை சென்ரிமீற்றர் நீளத்துக்கு, தண்டு இறுகிச் சுருங்கி, தண்ணீரில் ஊறிய பழுப்பு நிறத்தில் இருக்கும். இது நாற்றழுகல் என்ற நோய். ரைசொக்டோனியா போன்ற பூஞ்சணங்களும், பூஞ்சணத்தைப் போன்ற பித்தியம் என்ற நுண்ணுயிரும் மண்ணில் இருந்து வருகின்றன. உங்கள் வாளி மண்ணில் அவை அநேகமாக இருந்திருக்கும். வெளியே பெரிய செடியை அவை அவ்வளவாக ஒன்றும் செய்யாது. குளிர்ந்த, காற்றோட்டமில்லாத, எந்நேரமும் நனைந்த கோப்பைக்குள் இளங்கன்று அகப்பட்டால் விடாது. விழுந்ததை மீட்க முடியாது. அந்தக் கோப்பையை மண்ணோடு குப்பையில் போடுங்கள், பக்கத்துக் கோப்பைகளைத் தள்ளி வையுங்கள். கறுவாத்தூள் தூவினால் நிற்கும் என்று பலர் சொல்வார்கள். தூவுவதில் நட்டமில்லை, ஆனால் அதை நம்பி மற்றதைச் செய்யாமல் விடவேண்டாம்.

மற்றது என்ன? தோட்டத்து மண்ணுக்குப் பதில் பீட் மொஸ், பேர்லைட், வேர்மிகுலைட் கலந்து 'விதைக் கலவை' என்று விற்கும் பையை வாங்குங்கள். பழைய கோப்பைகளை ஒரு பங்கு ப்ளீச், ஒன்பது பங்கு தண்ணீர் கலந்த கரைசலில் பத்து நிமிடம் ஊறவைத்துக் கழுவுங்கள். தயிர்க் கோப்பை நல்லதுதான், ஆனால் அடியில் நாலு துளை கட்டாயம். தண்ணீரை மேலே ஊற்றாமல், கோப்பைகளை ஒரு தட்டில் வைத்துத் தட்டில் ஊற்றுங்கள். அரை மணி நேரத்தில் மேல்மண் கறுத்து ஈரமாகும், மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். மேல்மண் காய்ந்து நிறம் வெளுத்த பிறகுதான் அடுத்த தண்ணீர். ஒரு சிறிய மேசை விசிறியை மெல்லச் சுழலவிட்டால் மண்ணின் மேற்பரப்பு காயும், தண்டும் அசைந்து அசைந்து தடிக்கும். பசளை இப்போது வேண்டாம். விதையிலைக்குப் பிறகு வரும் உண்மையான இலை இரண்டு விரிந்தபின், திரவப் பசளையைப் பெட்டியில் சொன்னதில் பாதி அளவு கரைத்து, பத்து நாளுக்கு ஒரு தரம் விட்டால் சரி.

அப்புறம் நாள் கணக்கு. பெப்ரவரி நடுவில் தக்காளி ஊன்றியது அவசரம். ஒன்ராறியோவின் தெற்கில் பழைய தோட்டக்காரர் எல்லோரும் விக்டோரியா தினத்தை வைத்துத்தான் எண்ணுவார்கள். மே 25-க்கு முன்வரும் திங்கள் அது. அதற்குள் உறைபனி அநேகமாக ஓய்ந்துவிடும். அங்கிருந்து பின்னோக்கிப் போங்கள். மிளகாய்க்கும் கத்தரிக்கும் எட்டு முதல் பத்துக் கிழமை வேண்டும், அதாவது மார்ச் நடுப்பகுதி. இப்போதுதான் சரியான நேரம், திரும்பத் தொடங்குங்கள். தக்காளிக்கு ஆறேழு கிழமை போதும், ஏப்ரல் முதல் கிழமை. முன்கூட்டி ஊன்றினால் முன்கூட்டிக் காய்க்கும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் சாடிக்குள் வேர் சுற்றி, வீட்டுக்குள்ளேயே பூத்து, மே மாதம் களைத்துப்போன செடியைவிட, ஆறு கிழமைக் கட்டைக் கன்று மண்ணில் வேகமாகப் பிடிக்கும்.

வெண்டி, பாகல், புடோல் மூன்றுக்கும் ஏப்ரல் கடைசிக் கிழமை. இவற்றின் வேரைத் தொட்டால் கோபிக்கும், ஆகவே கடதாசிக் கோப்பையில் ஊன்றிக் கோப்பையோடு நட்டுவிடுங்கள். பாகல் விதையின் ஓடு தடிப்பு. நகவெட்டியால் விளிம்பில் மெல்ல ஒரு வெட்டு வெட்டி, உள்ளே பருப்பில் படாமல் பார்த்து, ஓரிரவு தண்ணீரில் போட்டு ஊன்றினால் நாள் மிச்சம். பயிற்றையை வீட்டுக்குள் தொடங்கத் தேவையில்லை, ஜூன் தொடக்கத்தில் நேரே நிலத்தில் போடலாம். கொத்தமல்லியும் முள்ளங்கியும் குளிர் தாங்கும், ஏப்ரலிலேயே வெளியில் தூவுங்கள்.

அம்மா தந்த பொதியில் அவரை விதையும் இருக்குமென்று நினைக்கிறேன். எச்சரிக்கையாக இருங்கள். நம் ஊர் அவரையில் பல வகை, பகல் குறுகினால்தான் பூக்கும். ரொறன்ரோவில் ஜூன் மாதப் பகல் பதினைந்து மணி நேரத்துக்கு மேல். கொடி கோடை முழுக்க வேலியெல்லாம் படர்ந்து, இலையாகவே நிற்கும். செப்ரெம்பரில் பூக்கத் தொடங்கும், ஒக்ரோபர் பனியில் கருகும். சிறகவரையும் அப்படியே. பசளையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துப் பயனில்லை. நாளின் நீளத்தைப் பொருட்படுத்தாமல் சீக்கிரம் பூக்கும் வகை என்று பொதியில் எழுதியிருக்கும் விதையைத் தேடி வாங்குவதே வழி.

வீட்டுக்குள் வளர்ந்த கன்றை விக்டோரியா தினத்தன்று நேரே வெயிலில் நட்டுவிடாதீர்கள். விளக்கின் கீழ் வளர்ந்த இலை வெளி வெயிலைக் கண்டதில்லை, ஒரே மத்தியானத்தில் வெள்ளைத் திட்டுத் திட்டாக வெந்துவிடும். ஒரு கிழமை, பத்து நாளுக்கு முன்பே தொடங்குங்கள். முதல் நாள் காற்றுப் படாத நிழலில் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு, பிறகு காலை வெயில், பிறகு முழு நாள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தொல்லைதான். சனிக்கிழமை தொடங்கி, வார நாட்களில் வீட்டின் வடக்குப் பக்க நிழலில் விட்டுப் போனால் சமாளிக்கலாம். இரவில் உள்ளே எடுங்கள். நடும் நாளை நாட்காட்டியைவிட இரவுச் சூட்டைப் பார்த்து முடிவுசெய்வது நல்லது. தக்காளிக்கு இரவு 10 பாகைக்கு மேல் தொடர்ந்து இருக்கவேண்டும், மிளகாய், கத்தரிக்கு 12, 13. அதற்குச் சற்றுக் கீழே நட்டால் சாகாது, ஆனால் இரண்டு மூன்று கிழமை அப்படியே முழித்துக்கொண்டு நிற்கும்.

கடையில் வாங்கட்டா என்ற கேள்விக்கு வருகிறேன். தக்காளியை வாங்குங்கள். மே மாதம் எந்தப் பலசரக்குக் கடை வாசலிலும் நல்ல கன்று கிடைக்கும், அதற்காக விளக்கின் கீழே இடத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் ஊர்க் கத்தரி, ஊர்ப் பச்சைமிளகாய், பாகல், புடோல் பெரும்பாலான கடைத் தட்டுகளில் இருக்காது. ஒரு ஹீட் மேட், ஒரு நாலடி விளக்கு, இரண்டு தட்டு, அவ்வளவும் இவற்றுக்கே போகட்டும். ஒரு குடும்பத்துக்கு மிளகாய் ஆறு கன்று, கத்தரி நாலு கன்று தாராளம்.

அம்மாவின் விதையில் பாதியை மட்டும் இந்த முறை ஊன்றுங்கள். மிச்சத்தை நன்றாகக் காய்ந்த சிறு போத்தலில் இறுக மூடி, வருடத்தை எழுதி, பிரிட்ஜில் வையுங்கள். இன்னொன்று: அடுத்த முறை அம்மா வரும்போது விதை, செடி, வேர் எதுவானாலும் விமான நிலையத்தில் அறிவிக்கச் சொல்லுங்கள். எந்த விதைக்கு என்ன சான்றிதழ் வேண்டும் என்பதைக் கனடிய உணவு ஆய்வு முகமையிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம், புறப்படுவதற்கு முன் கேட்டால் விதையைப் பறிகொடுக்காமல் கொண்டுவர வழி தெரியும்.