கூலன்ட் குறைகிறதா? கசிவைத் தேடுங்கள்

வண்டியில் பத்து நாளுக்கு ஒருமுறை கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைகிறது, வீட்டு போர் தண்ணீரை ஊற்றிச் சமாளிக்கிறேன், வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறும்போது சூடு முள் மேலே போகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். முதலில் அந்தப் போர் தண்ணீரை நிறுத்துங்கள். நம் மதுரைப் பக்கத்து உப்புத்தண்ணீர் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவு, கூலன்ட்டின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் ஒட்டிக்கொண்டு சூட்டை வெளியேற விடாது.

இவ்வளவு சீக்கிரம் குறைந்தால் எங்கோ கசிகிறது. காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது ஹோஸ் கிளாம்பு (ரப்பர் குழாயை இறுக்கிப் பிடிக்கும் வளையம்), வாட்டர் பம்பின் அடிப்பகுதி எல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். காய்ந்த வெள்ளைத் தடம் இருந்தால் அதுதான் இடம். என் வண்டியில் ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. மூடியை மாற்றியதும் சரியாகிவிட்டது. சூடாக இருக்கும்போது மட்டும் அதைத் திறக்கவே திறக்காதீர்கள்.

வெளியே எதுவும் தெரியாவிட்டால் இன்ஜின் ஆயில் மூடியின் உள்பக்கம் பாருங்கள். பால் காபி நிறத்தில் குழைவாக இருந்தால் கூலன்ட்டும் ஆயிலும் கலக்காமல் இன்ஜினுக்குள் அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம்; வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

கசிவை அடைத்த பிறகு பழையதை முழுக்க இறக்கி, வண்டிக் கையேடு சொல்லும் கூலன்ட்டை டிஸ்டில்டு வாட்டருடன் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். அப்புறம், பிரேக் ஆயில் மாற்றி 2 வருஷம் ஆகியிருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். அது காற்றின் ஈரத்தை இழுக்கும். மலை இறக்கத்தில் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போய்விடும்.