நடுவழியில் கப்பலிலிருந்து இறக்கிவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: ஏழு இரவு சொகுசுக் கப்பல் பயணத்துக்குக் குடும்பமாகப் போனோம். மூன்றாம் நாள் இரவு என் மைத்துனர் பாரில் ஒருவருடன் கைகலப்பில் இறங்கிவிட்டார். மறுநாள் துறைமுகத்தில் அவரை இறக்கிவிட்டார்கள். அவரைத் தனியாக விட மனம் வராமல் நாங்களும் இறங்கினோம். மீதி நாட்களுக்கான பணத்தைத் தர முடியாது என்கிறது கம்பெனி. அடித்தது அவர், நாங்கள் என்ன தப்பு செய்தோம்?

பதில்: நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. ஆனாலும் பணம் திரும்புவது கடினம். உங்கள் மைத்துனரின் பங்கை இப்போதே மறந்துவிடுங்கள்.

டிக்கெட் வாங்கும்போது 'விதிகளை ஏற்கிறேன்' என்ற கட்டத்தில் டிக் அடித்திருப்பீர்கள். அதற்குப் பின்னால் நீளமான ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது. மற்றவர்களின் பாதுகாப்புக்கோ நிம்மதிக்கோ இடைஞ்சலாக இருப்பவரைக் கேப்டன் எந்தத் துறைமுகத்திலும் இறக்கிவிடலாம், ரீஃபண்ட் கிடையாது, ஊர் திரும்பும் செலவு அவருடையது என்ற விதி பெரிய கம்பெனிகளின் ஒப்பந்தங்களில் எல்லாம் உண்டு. இந்த அதிகாரம் தேவை என்றுதான் நானும் சொல்வேன். நடுக்கடலில் கூப்பிட்ட குரலுக்குப் போலீஸ் வராது. 2018இல் ஆஸ்திரேலியக் கடலில் கார்னிவல் லெஜண்ட் கப்பலில் ஒரு கூட்டத்தார் தொடர்ந்து அடிதடியில் இறங்க, மற்ற பயணிகள் பயந்து கேபினுக்குள் முடங்கினார்கள். கடைசியில் ஈடன் என்ற இடத்தில் 23 பேரை இறக்கிய பிறகுதான் கப்பலில் அமைதி திரும்பியது. பயந்து முடங்கிய பயணிகளும் காசு கொடுத்து வந்தவர்கள்தானே?

எனக்கு உறுத்துவது வேறு. காலையில் கேபின் கதவைத் தட்டி, பெட்டியைக் கட்டச் சொல்லி, கணக்கை முடித்து, கீ கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். என்ன காரணம், எந்த விதி என்று எழுத்தில் ஒரு தாளாவது கையில் தர வேண்டாமா? முழுப் பணத்தையும் வைத்துக்கொள்கிறவர்கள் அதையாவது செய்ய வேண்டும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். 'நீங்களும் இறங்குங்கள்' என்று யாராவது சொன்னார்களா, நீங்களாகவே இறங்கினீர்களா? எல்லாமே இதில்தான் இருக்கிறது. நீங்களாக இறங்கியிருந்தால், பாதியில் பயணத்தைக் கைவிட்டவர்கள் என்று கணக்கு வைப்பார்கள். அதற்கும் ரீஃபண்ட் இல்லை. செக்யூரிட்டி ஆள் மொத்தக் குடும்பத்தையும் இறங்கச் சொல்லியிருந்தால், உங்களுக்குக் கேட்க வழியிருக்கிறது. என்றைக்கு, எத்தனை மணிக்கு, யார் சொன்னார் என்று எழுதி, எங்கள்மேல் என்ன புகார், ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு என்று கேளுங்கள். சம்பவ அறிக்கையின் நகலையும் கேளுங்கள். கேமராப் பதிவை அழிக்காமல் வைக்கும்படி அதே கடிதத்தில் சொல்லிவிடுங்கள். பதிவுகளை ரொம்ப நாள் வைத்திருக்க மாட்டார்கள் என்பதால் இதை இன்றே செய்யுங்கள்.

கிரெடிட் கார்டு வங்கியிடம் முறையிடலாம் என்று யாராவது சொல்வார்கள். நீங்கள் டிக் அடித்த ஒப்பந்தத்தைக் கம்பெனி எடுத்துக் காட்டினால் அங்கே பெரும்பாலும் தோற்றுவிடுவீர்கள். பயண இன்ஷூரன்ஸும் குடிபோதையில் நடந்ததற்குப் பொதுவாகப் பணம் தராது. கோர்ட்டுக்குப் போவதாக இருந்தால், எந்த ஊர் கோர்ட், எத்தனை மாதத்துக்குள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். கார்னிவல் கப்பல் கம்பெனி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், ஃபுளோரிடாவில்தான் வழக்குத் தொடுக்க வேண்டும் என்று டிக்கெட்டில் இருந்த விதி செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1991இல் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பயணிகள் வாஷிங்டன் மாநிலத்துக்காரர்கள், நாட்டின் மறு கோடி. வக்கீலுக்குக் காசு கொடுக்கும் முன் ஒப்பந்தத்தில் அந்தப் பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: பால்கனியில் ஒரே ஒரு சிகரெட் பிடித்ததற்கு 500 டாலர் பிடித்துக்கொண்டார்கள். இன்னொரு முறை பிடித்தால் இறக்கிவிடுவோம் என்ற மிரட்டல் வேறு. இது பகல் கொள்ளை இல்லையா?

பதில்: இல்லை. கப்பலில் தீப்பிடித்தால் ஓட இடமில்லை. 2006 மார்ச்சில் கரீபியன் கடலில் ஸ்டார் பிரின்சஸ் கப்பலின் பால்கனி ஒன்றில் தீப்பிடித்தது. அணைக்காமல் போட்ட சிகரெட்தான் காரணமாக இருக்கும் என்றது விசாரணை. புகையில் சிக்கி ஒரு பயணி இறந்தார், நூற்றுக்கணக்கான கேபின்கள் சேதமாயின. இஸ்திரிப் பெட்டியையும் மெழுகுவத்தியையும் ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வதற்கும் தீ பயம்தான் காரணம்.

பால்கனி என்றதும் இன்னொன்று. 2019இல் அல்லூர் ஆஃப் தி சீஸ் கப்பலில் ஒரு பெண் படம் எடுத்துக்கொள்ள பால்கனிக் கம்பிமேல் ஏறி நின்றார். வேறொரு பயணி பார்த்துச் சொல்ல, அவரையும் கூட வந்தவரையும் ஜமைக்காவின் ஃபால்மத் துறைமுகத்தில் இறக்கிவிட்டார்கள். அந்தக் கம்பெனியின் கப்பலில் ஆயுள் முழுக்க ஏற முடியாது. யாரையும் அடிக்கவில்லை, குடித்துத் தகராறு செய்யவில்லை, ஒரு படம்தான்.

சிகரெட் அபராதத்துக்குத் திரும்புகிறேன். புகைத்தது நீங்கள் இல்லை என்றால் அதை விடாதீர்கள். இறங்குவதற்கு முன்பே கவுண்டருக்குப் போய் ஆதாரத்தைக் கேளுங்கள். பில் முடிந்த பிறகு வாதாடுவது இழுத்துக்கொண்டே போகும்.

கேள்வி: நாங்கள் ஒழுங்காக இருக்கிறவர்கள். கூட வருகிற நண்பர் கூட்டம் கொஞ்சம் அப்படி இப்படி. புக் செய்வதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: முதலில், ஒரே புக்கிங்கில் எல்லோரையும் சேர்க்காதீர்கள். தனித்தனியாகப் போடுங்கள், உங்கள் கேபின் கணக்கோடு அவர்கள் கீ கார்டை இணைக்காதீர்கள். அப்புறம் பாஸ்போர்ட், விசா. அமெரிக்கத் துறைமுகத்தில் ஏறி அங்கேயே திரும்பி வரும் பல பயணங்களில் அமெரிக்கக் குடிமக்கள் பிறப்புச் சான்றிதழும் புகைப்பட அடையாள அட்டையும் காட்டியே ஏறிவிடலாம். ஆனால் வெளிநாட்டுத் துறைமுகத்தில் இறக்கிவிட்டால் அதை வைத்துக்கொண்டு விமானம் ஏற முடியாது. மற்ற நாட்டவர், கப்பல் நிற்கும் ஒவ்வொரு நாட்டின் விசா விதியையும் பார்த்து வைப்பது நல்லது. கடைசி நேர விமான டிக்கெட்டுக்கும் ஓர் இரவு ஹோட்டலுக்கும் ஆகிற அளவு பணம் உங்கள் கார்டில் இருக்கட்டும். நண்பர்களிடமும் இதைப் புறப்படும் முன்பே சொல்லிவிடுங்கள்.