விசுவாசம் என்றால் "கண்டிப்பாக நடக்கும்" என்று அழுத்தமாக நினைப்பதா?

கேட்கப்பட்ட கேள்வி: "நான் கிறிஸ்தவன் இல்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால் ஆஸ்பத்திரிக்கு அலைந்துகொண்டிருக்கிறேன். கிறிஸ்தவ நண்பர் ஒருவர் எதற்கெடுத்தாலும் 'விசுவாசத்தோடு இரு' என்கிறார். விசுவாசம் என்றால் நடக்கும் என்று அழுத்தமாக நினைத்துக்கொள்வதா? நினைத்தது நடக்கவில்லை என்றால் விசுவாசம் பத்தவில்லை என்று அர்த்தமா? அன்றாட வாழ்க்கையில் அது எப்படித்தான் இருக்கும்?"

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. சபையில் பிறந்து வளர்ந்தவன். பத்திரம் எழுதுவது தொழில். இறையியல் படித்ததில்லை, எனவே ஐயர் பிரசங்க பீடத்தில் நின்று சொல்கிற மாதிரியான பதில் என்னிடம் கிடைக்காது. (எங்கள் பக்கத்தில் சபைக் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம். குழம்பிக்கொள்ளாதீர்கள்.)

உங்கள் முதல் இரண்டு கேள்விகளுக்கும் என் பதில்: இல்லை. மனதை முறுக்கேற்றிக்கொண்டு 'நடக்கும், நடக்கும்' என்று சொல்லிக்கொள்வதற்குப் பெயர் விசுவாசம் இல்லை. கிறிஸ்தவர்கள் விசுவாசம் வைப்பது கடவுள் என்கிற ஒருவர் மேல். ஸ்கேன் ரிப்போர்ட் மேலோ, பரீட்சை முடிவு மேலோ, விசா மேலோ இல்லை. அவர் சொன்ன சொல் நிற்கும் என்று எடுத்துக்கொண்டு, அதற்கேற்ற மாதிரி அடுத்த காரியத்தைச் செய்வது. முடிவு நாம் கேட்டபடி வரலாம், வராமலும் போகலாம். வேதாகமம் முழுக்க இரண்டுக்கும் ஆள் இருக்கிறது.

இதற்கு ஆபிரகாமைச் சொல்வதுதான் வழக்கம். எனக்குப் பிடித்தது வேதாகமத்தில் எரேமியா என்கிற தீர்க்கதரிசியின் புத்தகம், 32ஆம் அதிகாரம். தொழில் பாசம் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அது ஒரு கிரயப் பத்திரத்தின் கதை.

எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகை போட்டிருக்கிறது. சிதேக்கியா ராஜாவின் 10ஆம் வருஷம், கி.மு. 587 வாக்கில். ஊர் விழப்போகிறது என்று வெளிப்படையாகச் சொன்னதற்காக எரேமியாவைக் காவல்சாலை முற்றத்தில் அடைத்து வைத்திருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து அவருடைய பெரியப்பா மகன் அனாமெயேல் வந்து, 'ஆனதோத்தில் இருக்கிற என் நிலத்தை வாங்கிக்கொள், மீட்கிற உரிமை உனக்குத்தான்' என்கிறான். ஆனதோத் எருசலேமுக்கு வடக்கே, நடந்தே போய்விடுகிற தூரம். சுற்றிலும் எதிரிப் படை. இப்படி ஒரு இடத்தை விற்க யாராவது என்னிடம் வந்தால், வில்லங்கம் போட்டுப் பார்க்கக்கூட மாட்டேன், டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

எரேமியா வாங்குகிறார். கடவுள் வாங்கச் சொன்னார் என்பது ஒன்றுதான் காரணம். 17 சேக்கல் வெள்ளி, இன்றைய கணக்கில் ஏறக்குறைய 200 கிராம். பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார், முத்திரை வைக்கிறார், சாட்சிகளை நிறுத்துகிறார், வெள்ளியைத் தராசில் நிறுத்துக் கொடுக்கிறார். பத்திரம் இரண்டு பிரதி: ஒன்று முத்திரை போட்டு மூடியது, இன்னொன்று திறந்தது. மூடியது பிற்காலத்தில் யாரும் திருத்தாமல் இருப்பதற்கு, திறந்தது எடுத்துப் பார்ப்பதற்கு என்று விளக்குவார்கள். இரண்டையும் முற்றத்தில் உட்கார்ந்திருந்த எல்லாருடைய கண் முன்னாலும் பாருக் என்கிற எழுத்தரிடம் கொடுத்து, ஒரு மண்பாண்டத்தில் வை, நெடுநாள் இருக்கட்டும் என்கிறார். இந்தத் தேசத்தில் மறுபடியும் வீடும் நிலமும் திராட்சத் தோட்டமும் வாங்கி விற்கப்படும் என்று கடவுள் சொல்லியிருக்கிறார், அதற்கு இது அடையாளம். ஊரே போகப்போகிறது என்று தெரிந்தவர் ஒரு நடைமுறையைக்கூட விடவில்லை.

பத்திரம் கைமாறிய பிறகுதான் எரேமியா ஜெபம் பண்ண உட்காருகிறார். அந்த ஜெபத்தைப் படித்துப் பாருங்கள். வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர் நீர் என்று பெரிதாகத் துதித்துக்கொண்டே போய்க் கடைசியில், ஊர் கல்தேயர் (பாபிலோன்காரர்) கையில் போய்க்கொண்டிருக்கிறது, நீரோ என்னை நிலம் வாங்கச் சொல்லுகிறீரே என்று முடிக்கிறார். அதாவது அவருக்கும் புரியவில்லை. சந்தேகம் எல்லாம் தீர்ந்த பிறகு அவர் கையெழுத்துப் போடவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டுச் சந்தேகத்தைக் கொண்டுபோய் கடவுள் முன்னாலேயே வைத்தார். கடவுளும் கோபிக்கவில்லை, நீளமாகப் பதில் சொல்கிறார். அந்தப் பதில் முடிகிற இடத்தில், பத்திரம் எழுதி முத்திரை போட்டுச் சாட்சி வைக்கிற காலம் திரும்ப வரும் என்கிறார். பத்திரம் எழுதுகிறவனுக்கு இதைவிட வேறு என்ன வாக்குத்தத்தம் (கடவுள் தரும் வாக்குறுதி) வேண்டும்!

அப்புறம் என்ன ஆயிற்று? ஊர் விழுந்தது. எரேமியாவை மிச்சமிருந்த ஜனங்கள் எகிப்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அந்த நிலத்தில் அவர் ஒரு போகம் எடுத்ததாக வேதாகமத்தில் எங்கேயும் இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. புதிய ஏற்பாட்டில் எபிரெயர் 11ஆம் அதிகாரத்தை விசுவாச வீரர்களின் பட்டியல் என்பார்கள். 'விசுவாசமானது நம்பப்படுகிறவைகளின் உறுதியும், காணப்படாதவைகளின் நிச்சயமுமாயிருக்கிறது' என்று தொடங்கும். நோவா, ஆபிரகாம், மோசே என்று வரிசையாக வரும். சிங்கங்களின் வாய்களை அடைத்தார்கள், பட்டயத்துக்குத் தப்பினார்கள், செத்தவர்களை உயிரோடு திரும்பப் பெற்றார்கள் என்று 35ஆம் வசனம் வரைக்கும் ஒரே ஏற்றம். அந்த வசனத்தின் நடுவிலேயே 'வேறுசிலர்' என்று ஒரு சொல் வந்து எல்லாவற்றையும் திருப்பிப் போடுகிறது. வேறு சிலர் வாதிக்கப்பட்டார்கள், கல்லெறியுண்டார்கள், வாளால் அறுப்புண்டார்கள். கடைசியில் இந்த இரண்டு கூட்டத்துக்கும் சேர்த்தே, எல்லாரும் விசுவாசத்தினாலே நற்சாட்சி பெற்றார்கள் என்று எழுதியிருக்கிறது. தப்பியவனுக்கு ஒரு அளவு, செத்தவனுக்கு ஒரு அளவு என்று பிரிக்கவே இல்லை.

எங்கள் சபைகளில் டிசம்பர் 31 இரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை எடுக்கிற பழக்கம் உண்டு. தட்டில் மடித்து வைத்திருப்பார்கள், வரிசையில் போய் ஆளுக்கு ஒன்று எடுத்து அந்த வருஷத்துக்கான வசனமாக வைத்துக்கொள்வோம். எனக்கும் பிடிக்கும். ஆனால் 'வாளால் அறுப்புண்டார்கள்' என்று இதுவரை யாருக்கும் அட்டை வந்ததில்லை. அட்டை அடிக்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. அட்டையில் வருகிற வசனம் மட்டும்தான் வேதாகமம் என்று நினைத்து வளர்ந்தவர்கள்தான், பின்னால் நோயாளி வீட்டுக்கு வந்து ஏடாகூடமாகப் பேசுகிறார்கள்.

எங்கள் வீட்டில் அது நடந்தது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து படுத்திருந்தபோது, வெளியூரிலிருந்து ஒரு ஜெபக் குழுவினர் வந்தார்கள். உருக்கமாகத்தான் ஜெபித்தார்கள். முடித்துவிட்டு அவர்களில் ஒருவர், 'இந்த வீட்டில் யாருக்கோ விசுவாசக் குறைவு இருக்கிறது, அதுதான் தடை' என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அம்மா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "சரி தம்பி, காப்பி குடிச்சிட்டுப் போங்க. சீனி போடலாமா?" என்று எழுந்து போனாள். அவர்கள் போனதும் வழக்கம்போல் அப்பாவின் வலது கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பிசியோதெரபி பெண் சொல்லிக் கொடுத்தபடி ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டத் தொடங்கினாள். உதடு மட்டும் ஏதோ சங்கீதத்தை (வேதாகமத்தில் இருக்கிற ஜெபப் பாட்டை) முணுமுணுக்கும். அந்தக் கை கடைசி வரை எழும்பவில்லை. அவள் நீவுவதையும் விடவில்லை, ஜெபிப்பதையும் விடவில்லை.

அந்தத் தம்பி சொன்னது வேதாகமத்துக்கே ஒத்துவராது என்பதைப் பிற்பாடுதான் உட்கார்ந்து பார்த்தேன். மாற்கு 2ஆம் அதிகாரத்தில் ஒரு திமிர்வாதக்காரனை, அதாவது கைகால் விளங்காதவனை, நாலு பேர் சுமந்து வந்து, கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்குகிறார்கள். அங்கே 'இயேசு அவர்கள் விசுவாசத்தைக் கண்டு' என்று இருக்கிறது. படுத்திருந்தவன் வாய் திறந்ததாகவே இல்லை, சுமந்தவர்களையும் சேர்த்துத்தான் பார்த்திருக்கிறார். யோவான் 5ஆம் அதிகாரத்தில் 38 வருஷம் படுத்திருந்தவனுக்கு, தன்னைக் குணமாக்கியது யார் என்றே தெரியவில்லை. இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவோ கல்லறைக்குள் பிணமாகக் கிடந்தான். அவனிடம் போய் விசுவாசத்தை அளந்து பார்க்க முடியுமா?

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நாசரேத்தில் ஜனங்களுடைய அவிசுவாசத்தைக் கண்டு இயேசு ஆச்சரியப்பட்டார், அங்கே பெரிதாக ஒன்றும் செய்ய முடியவில்லை என்று மாற்கு 6இல் இருக்கிறது. விசுவாசமுள்ள ஜெபம் பிணியாளியை இரட்சிக்கும் என்று புதிய ஏற்பாட்டில் யாக்கோபு எழுதியிருக்கிறார். இவற்றை மறைத்துவிட்டுப் பேசுவது நியாயமில்லை. ஆனால் நாசரேத்துக்காரர்கள் 'இவன் தச்சன்தானே' என்று இளக்காரம் பண்ணி ஒதுக்கியவர்கள். கண்ணீரோடு கேட்டுக் கிடைக்காதவர்களுக்கு அந்த வசனத்தைத் தூக்கிக் காட்டுவது அநியாயம். பிள்ளையைக் குணமாக்கச் சொல்லி வந்த ஒரு தகப்பன், 'விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்' என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறான். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை, பிள்ளையைக் குணமாக்கினார்.

மருந்து விஷயம். சுகமளிக்கும் கூட்டத்துக்குப் போய்வந்து, 'விசுவாசத்தில்' சுகர் மாத்திரையை நிறுத்தி, கால் புண்ணோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவரை எனக்குத் தெரியும். புதிய ஏற்பாட்டுக் கடிதங்களில் பலவற்றை எழுதிய பவுல் அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை. வயிற்றுக் கோளாறுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை நோயாளியாக மிலேத்து என்கிற ஊரில் விட்டுவந்தேன் என்கிறார். லூக்காவைப் 'பிரியமான வைத்தியன்' என்கிறார். தன் உடம்பில் இருந்த, 'முள்' என்று அவர் சொல்கிற ஒரு உபாதைக்காக மூன்று தரம் வேண்டினார், 'என் கிருபை உனக்குப் போதும்' என்ற பதில்தான் வந்தது, முள் நீங்கவில்லை. வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு ஆரம்பித்தார். அவருடைய விசுவாசம் ஆஸ்பத்திரி கட்டுகிற விசுவாசம்.

எங்கள் மாவட்டத்திலேயே டோனாவூர் இருக்கிறது. ஏமி கார்மைக்கேல் அங்கே ஆதரவற்ற பிள்ளைகளுக்கு வீடு நடத்தியவர். 1931இல் ஒரு குழியில் தவறி விழுந்தார். அதற்குப் பிறகு 1951இல் இறக்கும் வரைக்கும் பெரும்பாலும் அறைக்குள்ளேயே, படுக்கையில்தான். படுத்தபடியே புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு விசுவாசம் பத்தவில்லை என்று சொல்ல எங்கள் ஊரில் ஒருவருக்கும் வாய் வராது.

மனிதனின் மீட்புக்கு விசுவாசமா, நற்கிரியையா (நல்ல செயலா) என்று கத்தோலிக்கரும் லுத்தரன்காரர்களும் நூற்றாண்டுக்கணக்காகப் போட்ட சண்டை தனிக் கதை. 1999இல் ஆக்ஸ்பர்கில் இரு தரப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்துப் போட்டு, அடிப்படையில் உடன்பாடு என்று சொல்லிவிட்டன. சபையில் உட்காருகிற என்னைப் போன்றவனுக்கு யாக்கோபு எழுதியதே போதும்: கடவுள் ஒருவர் உண்டு என்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன. அதாவது, செயலில் தெரியாத விசுவாசம் வெறும் பேச்சு.

சரி, அன்றாட வாழ்க்கையில்? என் மேஜையைச் சொல்கிறேன். எப்போதாவது ஒரு பார்ட்டி வருவார். வெளிநாட்டில் இருக்கிற தம்பிக்குப் பதிலாக வேறொருவரை உட்கார வைத்து முடித்துவிடலாம், எல்லாம் பேசியாயிற்று, நீ எழுதிக் கொடு போதும் என்பார். மாட்டேன் என்றால் பக்கத்துக் கடைக்குப் போவார், பின்னாலேயே அவருடைய சொந்தக்காரர்களும் போவார்கள். அந்த மாதம் பிள்ளைக்குப் பீஸ் கட்ட வேண்டியிருக்கும். கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அப்போது சொல்ல முடிகிறதா என்பதுதான் எனக்கு விசுவாசம். விட்ட வேலை இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது என்று சபையில் எழுந்து சாட்சி சொல்ல எனக்கும் ஆசைதான். வரவில்லை. நகையை அடகு வைத்துத்தான் பீஸ் கட்டினோம்.

உங்கள் நண்பரிடமே கேளுங்கள், 'விசுவாசத்தோடு இரு' என்று எந்த அர்த்தத்தில் சொல்கிறார் என்று. நினைத்தது நிச்சயம் நடக்கும் என்ற அர்த்தத்தில் என்றால், எரேமியா 32ஐ அவரோடு சேர்ந்து ஒரு தரம் படியுங்கள். எது நடந்தாலும் கடவுள் உங்களைக் கைவிடமாட்டார், நானும் கூட இருக்கிறேன் என்கிறார் என்றால், ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி அம்மாவோடு துணைக்கு இருக்கச் சொல்லுங்கள், நல்ல நண்பர் என்றால் வருவார். மருந்தை நிறுத்தச் சொன்னால் மட்டும், ஜெபத்துக்கு நன்றி சொல்லிவிட்டு டாக்டர் சொல்கிறபடி நடந்துகொள்ளுங்கள்.