தாவரப் பூஞ்சாணக்கொல்லி என்றால் என்ன? அது எப்படி வேலை செய்கிறது?

பயிரில் பூஞ்சாண நோயைத் தடுக்கத் தெளிக்கும் செடிச்சாறு அல்லது எண்ணெய்தான் இது. செடிகளால் ஓடி ஒளிய முடியாது. அதனால் பூஞ்சாணத்தை எதிர்க்கும் பொருள்களைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. பூண்டை நசுக்கியதும் மூக்கில் ஏறுகிறதே ஒரு நெடி, அதற்குக் காரணமான அல்லிசின் அப்படிப்பட்டதுதான். முழுப் பல்லில் அது கிடையாது. நசுக்கும்போதுதான் உண்டாகிறது, சீக்கிரமே சிதைந்தும் விடுகிறது. ஆகவே சாற்றை அரைத்து நாள்கணக்கில் வைத்திருந்து அடித்தால் பலன் குறைவு. ஓமத்திலுள்ள தைமால், பூஞ்சாணத்தின் செல் சவ்வைச் சேதப்படுத்தும்.

இவை பெரும்பாலும் குடை மாதிரி, நனைவதற்கு முன்பே விரிக்க வேண்டும். இலை முழுக்கச் சாம்பல் நோய் படர்ந்தபின் தெளித்தால் ஏமாற்றம்தான். வெயிலும் மழையும் வீரியத்தைக் குறைப்பதால் திரும்பத் திரும்பத் தெளிக்க வேண்டிவரும்.

“இயற்கைதானே, கூடுதலாக அடித்தால் என்ன?” என்பார்கள். எண்ணெய் அளவு மீறினால், அதுவும் உச்சி வெயிலில், இலையே கருகிவிடும்.