நான்கு வருடம் நின்ற சிட்டி வீடெக்: சாவியைத் திருகுவதற்கு முன்

கேள்வி: மாமாவின் 2001 ஹோண்டா சிட்டி 1.5 வீடெக் கார், உசிலம்பட்டி தோட்டத்துக் கொட்டகையில் நான்கு வருடமாக நிற்கிறது. அதை எனக்குத் தருவதாகச் சொல்கிறார். புது பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்துவிட்டு, முதலில் பெயின்ட் அடிக்கலாம் என்றிருக்கிறேன். சரியா?

பதில்: பேட்டரி வாங்கும் முன் ஆர்சி புத்தகத்தைப் பாருங்கள். டெல்லியில் இருப்பதுபோல் 15 வருடப் பெட்ரோல் காருக்குத் தடை இங்கே இல்லை. ஆனால் பதிவை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்; அதற்குப் படிவம் 25. இருபது வருடம் தாண்டிய காருக்கு இப்போது கட்டணம் 10,000 ரூபாய். கெடு தாண்டிய ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் கூடும். இதோடு பசுமை வரியும் உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வண்டியில் கை வையுங்கள்.

பானெட்டைத் திறந்ததும் எலியைத் தேடுங்கள். தோட்டத்துக் கொட்டகை என்றால் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கூடு இருக்கும், வயரிங்கில் பல் பட்டிருக்கும். அடுத்து நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் 5 மில்லி இன்ஜின் ஆயில் விட்டு ஒரு இரவு ஊறவிடுங்கள். காலையில் கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் போட்டுக் கையால் இரண்டு சுற்று சுற்றுங்கள். பெல்ட் பக்கமிருந்து பார்த்தால் இந்த இன்ஜின் இடஞ்சுழியாகத்தான் சுற்றும். மற்ற கார்களில் பழகிய கை வலப்பக்கம் திருப்பப் போகும். மெக்கானிக்கிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

கிலோமீட்டர் மீட்டர் என்ன காட்டினாலும் பிஸ்டனும் வால்வும் ஒரே தாளத்தில் அசைய வைக்கிற டைமிங் பெல்ட்டை மாற்றியே ஆகவேண்டும். நின்ற வண்டியிலும் ரப்பர் கெட்டுப்போகும். பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வில் இடிக்கும். அப்புறம் வால்வு இருக்கும் சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டியதுதான். தண்ணீர் பம்ப்பைச் சுற்றுவதும் இதே பெல்ட் என்பதால் பெல்ட், டென்ஷனர், பம்ப், கேம் சீல், கிராங்க் சீல் எல்லாவற்றையும் ஒரே தடவையில் போடுங்கள். பெயின்டுக்கு ஒதுக்கிய பணம் முதலில் இங்கே போகட்டும்.

அப்படியே வால்வு கிளியரன்ஸையும், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளியையும், பார்த்துவிடலாம்: இன்டேக் 0.18 முதல் 0.22 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.23 முதல் 0.27 மி.மீ. ஹெட் 38 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் இந்த அளவு பொருந்தும். மதுரைச் சித்திரை வெயிலில் மதியம் நிழலே அதைத் தாண்டிவிடும். விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய பெட்ரோலை முழுக்க வடித்து ஃபில்டரை மாற்றுங்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ் அதைத் தாங்காது, ஊறி வெடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்குங்கள்.

இந்தக் காரில் பலரையும் ஏமாற்றுவது மெயின் ரிலே, அதாவது பெட்ரோல் பம்ப்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச். காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். மாட்டுத்தாவணியில் வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் ஆகாது. சாயங்காலம் மறுபடி ஆகும். உடனே பெட்ரோல் பம்ப்பை மாற்றுவார்கள், சிக்கல் அப்படியே இருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் உள்ள அந்த ரிலேயின் ஈயப் பற்று சூட்டில் விரிசல் விடுவதுதான் காரணம். சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுப் பக்கம் காதை வையுங்கள். இரண்டு விநாடி பம்ப் உறுமல் கேட்க வேண்டும். சூட்டில் கேட்காமல், குளிர்ந்ததும் கேட்டால் ரிலேயைத் திறந்து லென்ஸில் பாருங்கள். பின்னைச் சுற்றி மயிரிழை வளையம் தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாகப் பற்றவைத்தால் போதும், நல்ல டிவி மெக்கானிக்கே செய்துவிடுவார்.

ரேடியேட்டரில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். குடத்தில் படிகிற உப்பு ரேடியேட்டரிலும் படியும். கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி கலந்து ஊற்றி, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகாமல் தடுக்கும் வால்வு) அருகிலுள்ள ஏர் போல்ட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றுங்கள். 'நம்ம ஊர் சூட்டுக்கு எதுக்கு' என்று தெர்மோஸ்டாட்டையே யாராவது கழற்றி எறிந்திருக்கலாம். அது இல்லாவிட்டால் இன்ஜின் இன்னும் குளிராகவே இருக்கிறது என்று கம்ப்யூட்டர் நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். மைலேஜ் விழும், சிலிண்டரும் தேயும். புதிது போடுங்கள்.

பிரேக் ஆயில் ஈரம் இழுத்திருக்கும். முழுக்க மாற்றுங்கள், பின் டிரம்மில் வீல் சிலிண்டர் பிடித்திருந்தால் அதையும். டயரில் நான்கு இலக்கம் பாருங்கள்: 2318 என்றால் 2018ஆம் வருடம் 23வது வாரம். மேல் பள்ளம் தேயாமல் இருந்தாலும் அவ்வளவு பழைய டயர் வேண்டாம்.

பாடி பாகங்கள் தேவைப்பட்டால் சென்னை புதுப்பேட்டையில் தேடலாம். பில் இல்லாமல் எதையும் எடுக்காதீர்கள்.

பிறகு புது ஆயில், ஃபில்டர். 500 கிலோமீட்டருக்கு அந்த 106 குதிரைத் திறனை உசுப்பாமல் ஓட்டி, ஆயிலை மறுபடி மாற்றுங்கள். வேகம் கூடும்போது வால்வைக் கூடுதலாகத் திறக்கும் வீடெக் வேலை செய்வது ஆயில் அழுத்தத்தில்தான்; உள்ளே படிந்த கசடு அதன் சல்லடையை அடைத்துவிடும். அதன்பின் ஒரு காலை சிறுமலைக்கு ஏற்றுங்கள். பதினெட்டு கொண்டை ஊசி வளைவும் ஏறி முடித்தபின் வெப்ப முள் பாதிக்குக் கீழேயே நின்றால், பெயின்டரைக் கூப்பிடலாம்.